இயந்திர அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு

என் பெயர், வயது, தகப்பனார் பெயர், முகவரி எல்லாவற்றையும் காவல் நிலைய எழுத்தர் இந்தத் தாளின் தலைப்பில் முதலிலேயே குறித்துக்கொண்டார். வாசித்துப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. வயதை மட்டும் குறைத்து எழுதியிருந்தார்; மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, ஆனாலும் திருத்தச் சொன்னேன், திருத்தினார். என் தொழில், வேறு ஊரில் ஓடும் கணினிகளை வீட்டிலிருந்தபடியே கண்காணிப்பது. வேலை செய்யும் இடம், என் சமையலறையில் அடுப்புக்கு எதிரே போட்டிருக்கும் மேசை. நேற்று மதியம் இயந்திர அறைக்குள் அகப்பட்டுக்கொண்டு இப்போது மருத்துவமனையில் படுத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் என் கூடப்பிறந்த தம்பி. அவனை உள்ளே வைத்துப் பூட்டியதாகப் பிடித்து வந்து இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் காவலாளி, என் தம்பிக்கு மாமனார் ஆகப்போகிறவர். அவர் வேண்டுமென்றே பூட்டினார் என்று வழக்கு எழுதப்போவதாகக் கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

ஆய்வாளர் முதலில் கேட்டது, அந்த அறையில் என்னதான் நடக்கிறது என்று. அங்கே இருபத்திரண்டு கணினிகள் இருக்கின்றன. அவை கிரிப்டோ நாணயத்துக்காக விடாமல் கணக்குப் போடுகின்றன. போட்ட கணக்குக்குக் கூலியாக அந்த நாணயத்தில் கொஞ்சம் முதலாளிக்குச் சேரும். அதற்கான உரிமமும் மின் இணைப்பும் முறையாக வாங்கப்பட்டவை. எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அந்தக் காசக் கையில தொட முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அப்போ கடையில குடுத்து டீ குடிக்க?" என்றார். அதுவும் முடியாது என்றேன். "அப்புறம் எதுக்குங்க இவ்ளோ பாடு?" என்றார். அதை முதலாளியைத்தான் கேட்க வேண்டும், எனக்குச் சம்பளம் தொட்டுப் பார்க்கிற காசில்தான் வருகிறது என்று சொன்னேன். ஆய்வாளர் சிரித்துவிட்டு, விஷயத்துக்கு வரச் சொன்னார்.

விஷயம் என்னவென்றால், அந்த அறைக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். மற்றபடி எல்லாம் என் மேசையிலிருந்துதான். ஸ்கிரிப்ட் என்று சொல்கிற சின்னச் சின்ன நிரல்கள் சிலவற்றை நானே எழுதி ஓட விட்டிருக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, விசில் வந்தால் சொல் என்று ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி வைப்பது போலத்தான். அந்த நிரல் ஒவ்வொரு இயந்திரத்தையும் சுற்றிச் சுற்றி வந்து, இருக்கிறாயா, எவ்வளவு சூடு, விசிறி சுற்றுகிறதா என்று கேட்கும். இயந்திரம் பதில் சொல்லாவிட்டால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்கும். அப்போதும் பதில் இல்லை என்றால் நிரலே அந்த இயந்திரத்தின் பிளக்கைத் தொலைவிலிருந்து அணைத்துத் திரும்பப் போடும். பெரும்பாலும் அதிலேயே எழுந்துகொள்ளும். எது நடந்தாலும் என் கைப்பேசிக்கு ஒரு வரி செய்தி வரும். நான் சாம்பலும் சவுக்காரமுமாகப் பாத்திரத்தோடு நின்றாலும் எட்டிப் பார்த்துவிடுவேன்.

இருபத்திரண்டு எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ள என் மண்டையில் இடம் இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே இயந்திரங்களுக்கு எங்கள் சொந்தக்காரர்களின் முறைப்பெயர்களை வைத்துவிட்டேன். சட்டென்று சூடாகிற இயந்திரம் பெரியப்பா. காரணமே இல்லாமல் பேச்சை நிறுத்திக்கொள்கிற இயந்திரம் சின்னத்தை. இரைந்துகொண்டே இருந்தாலும் வேலையை ஒழுங்காக முடிக்கிற இயந்திரம் சித்தி. இப்படியே போகும். செய்திகளையும் அதற்கேற்ற மாதிரி எழுதி வைத்தேன். "பெரியப்பா கொதிக்கிறார்" என்று வந்தால் சூடு. "சின்னத்தை பேசவில்லை" என்று வந்தால் பதில் இல்லை. "சின்னத்தை சமாதானம்" என்று வந்தால் திரும்ப எழுந்துவிட்டது. அறைக்கு மின் வயர் இழுத்தவன் என் தம்பிதான். அவனே இந்தப் பெயர்களைத் தாளில் எழுதி ஒவ்வொரு இயந்திரத்தின் நெற்றியிலும் ஒட்டினான். ஒட்டும்போது சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து விழப்பார்த்தான். இதை எதற்காகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். எழுத்தர் இதெல்லாம் வேண்டுமா என்றார், கட்டாயம் வேண்டும் என்று எழுதச் சொன்னேன்.

அதன்பிறகு சொல்ல வேண்டியது அந்த அறையின் வழக்கம். தூசி உள்ளே போனால் விசிறிகள் அடைத்துக்கொள்ளும் என்பதால் அறைக்குள் போகிற யாராக இருந்தாலும் செருப்பை ஷட்டருக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முதலாளி வந்தாலும் அப்படித்தான், நான் போனபோதும் அப்படித்தான். இயந்திரங்கள் போடும் இரைச்சலில் வெளியே நின்று கூப்பிட்டால் உள்ளே கேட்காது. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. இயந்திரங்கள் வரிசை வரிசையாக அடுக்கி இருப்பதால் எட்டிப் பார்த்தாலும் பின்வரிசையில் நிற்கிற ஆள் தெரிய மாட்டார். ஆகவே காவலாளி, உள்ளே ஆள் உண்டா இல்லையா என்பதை வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். செருப்பு கிடந்தால் ஆள் உண்டு, பூட்டக் கூடாது. செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை, பூட்டலாம். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதில் ஒரு நாளும் பிசகியது கிடையாது.

இந்த வழக்கத்துக்கு என் தம்பி ஒருவன் மட்டும் விலக்கு. எலெக்ட்ரீஷியன் வெறுங்காலோடு வயரில் கை வைக்க மாட்டான். கனத்த ரப்பர் அடி வைத்த ஷூ ஒன்று வைத்திருக்கிறான். அந்த அறைக்கென்றே துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பான், வரும்போது போட்டிருக்கும் செருப்பைக் கழற்றிக் கருவிப்பைக்குள் போட்டுவிட்டு, அதை மாட்டிக்கொண்டுதான் உள்ளே இறங்குவான். அவன் வந்தால் முதலில் காவலாளியிடம் போய், "மாமா, நான் உள்ள போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். அவரும் பூட்டுச் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொள்வார். அவர்களுக்குள் அதுதான் ஏற்பாடு.

காவலாளிக்கு ஒரே மகள். இயந்திர அறைக்கு அடுத்த கதவு அவளுடைய சலவைக்கடை. இஸ்திரிப்பெட்டியைப் பழுது பார்க்கப் போன என் தம்பி, பழுதே இல்லாத இஸ்திரிப்பெட்டியையும் பழுது பார்க்கப் போக ஆரம்பித்ததில் விஷயம் வெளியே வந்து, இரண்டு வீட்டிலும் பேசி, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இதில் காவலாளிக்கு விருப்பம் இல்லை என்று, அந்த அறையை எங்கள் முதலாளிக்கு வாடகைக்கு விட்டிருக்கும் கட்டட உரிமையாளர் தம் புகாரில் எழுதியிருப்பது சுத்தப் பொய். நிச்சயத்தன்று தம் கையால் என் தம்பிக்குச் சட்டை எடுத்துக்கொடுத்து, அளவு சரியாக இருக்கிறதா என்று தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அவர். அதுவரை நான் அவரை "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு "மாமா" என்று மாற்றச் சொன்னார்கள். இன்னும் எனக்கு நாக்கு திரும்பவில்லை, பாதியில் "அண்ணே" வந்துவிடுகிறது.

புகாரில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. காவலாளி டீக்கடையில் பலர் முன்னிலையில், "உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவேன்" என்று என் தம்பியை மிரட்டினாராம். அந்த வார்த்தையை அவர் சொன்னது நிஜம். நானே கைப்பேசியில் கேட்டேன். தம்பி ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அவன் கல்யாணச் செலவைப் பற்றிப் பேசி, "இதுக்கு எங்கயாச்சும் ஓடியே போயிரலாம் போல இருக்கு" என்று அலுத்துக்கொண்டான். அதற்கு அவர், "ஓடித்தான் பாரேன் மாப்ள, மெஷின் ரூம்ல வச்சுப் பூட்டிருவேன், தாலி கட்டுற அன்னிக்குத்தான் தெறப்பேன்" என்றார். டீக்கடையே சிரித்தது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த கட்டட உரிமையாளரும் சிரித்தார், அவர் சிரிப்பு தனியாகக் கேட்கும். அன்றைக்குச் சிரித்த ஆள் இன்றைக்கு அதை மிரட்டல் என்று எழுதிக்கொடுத்தால் அவரை என்னவென்று சொல்வது?

நேற்று நடந்ததை இப்போது சொல்கிறேன். காலையிலிருந்தே அறையின் சூட்டை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் திணறிக்கொண்டிருந்தது. தம்பி மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தான். மறுநாள் வருகிறவன் நேற்றே வந்தது எனக்கும் தெரியாது, காவலாளிக்கும் தெரியாது. ஏன் நேற்றே வந்தான் என்றால், சலவைக்கடையில் மதியம் கூட்டம் இருக்காது என்பதால். மாமனார் கண்ணில் படாமல் மகளைப் பார்த்துப் பேசிவிட்டு, அப்படியே வேலையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறான். கைப்பேசியைச் சலவைக்கடையில் சார்ஜில் போட்டுவிட்டு, எடுக்க இன்னொரு தடவை வரலாமே என்று, ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு அறைக்குள் போயிருக்கிறான். காவலாளி அப்போது கட்டடத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். இந்த இரண்டும், தம்பி மருத்துவமனையிலும், காவலாளி அவரை இங்கே கொண்டுவரும் முன் கைப்பேசியிலும், தனித்தனியாக எனக்குச் சொன்னவை; நான் நேரில் பார்த்தவை அல்ல.

அதன்பிறகு காவலாளி முன்பக்கம் வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன் வழக்கம்போல வாசலைப் பார்த்தார், செருப்பு இல்லை, ஷட்டரை இழுத்துப் பூட்டினார், சாவியை வழக்கம்போலக் கட்டட உரிமையாளரின் அலுவலகத்தில் மாட்டினார், டீக்கடைக்குப் போனார். தம்பி பின்வரிசைக்கு அப்பால் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். ஷட்டர் இறங்கிய சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. முன்னால் வந்து பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. தட்டினான், உதைத்தான், கத்தினான். அந்த இரைச்சலில் அதுவும் ஒரு இரைச்சலாகப் போய்விட்டது. கழற்றிய ஃபேனைத் திரும்ப மாட்டலாம் என்றால் அதன் சுருள் கருகிக் கிடந்தது. மெயின் சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்கிறது. சூடு ஏற ஆரம்பித்தது.

அதே நேரத்தில் என் கைப்பேசிக்குச் செய்திகள் வர ஆரம்பித்தன. "பெரியப்பா கொதிக்கிறார்" என்று வந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயம்தான் தெரிந்ததாயிற்றே என்று எல்லா இயந்திரங்களின் வேகத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் "சின்னத்தை பேசவில்லை" என்று வந்தது. உடனே "சின்னத்தை சமாதானம்" என்றும் வந்தது. திரும்பவும் பேசவில்லை, திரும்பவும் சமாதானம். பிறகு சித்தி, பிறகு பெரியப்பா. அணைவதும் எழுவதுமாக இருந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், அட, நான் எழுதின நிரல் எவ்வளவு சமர்த்தாக விழுந்ததையெல்லாம் தூக்கி நிறுத்துகிறது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பாருங்க, நான் ஒரு விரலக்கூட அசைக்கல, அதுவா எழுப்பி விட்டுக்குது" என்று பெருமையடித்துக்கொண்டேன். அங்கே சூடு தாங்காமல் என் தம்பி ஒவ்வொரு இயந்திரமாகப் பொத்தானை அமுக்கி அணைக்கிறான். இங்கே என் நிரல் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுவிடுகிறது. அவன் அணைக்க, நான் போட, அவன் அணைக்க, நான் போட. இதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று எழுத்தரிடம் சொன்னேன்.

தம்பி மருத்துவமனையில் கண் விழித்தபோது முதலில் என்னைத் திட்டியது இதற்காகத்தான். "ஏன்க்கா, நான் அமுக்க அமுக்க நீ எழுப்பி விட்டுக்கிட்டே இருக்கியே, உனக்கு என் மேல என்ன கோவம்?" என்றான். அமுக்கிப் பயனில்லை என்று தெரிந்த பிறகு வயரையே பிடுங்க முடிவு செய்திருக்கிறான். வயரைப் பிடுங்கினால் என் நிரல் ஆயிரம் தடவை போட்டாலும் இயந்திரம் எழாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. "மொத்தமா புடுங்கினா கரண்ட் போச்சுன்னு நெனச்சுட்டு நீ பாட்டுக்கு அடுப்பப் பாக்கப் போயிருவ, உன்னத் தெரியாதா?" என்றான். என்னைத் தெரிந்தவன்தான். அப்படித்தான் செய்திருப்பேன்.

அவன் என்ன செய்தான் என்பது புரிய, போன வாரச் சண்டை ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு யார் வீட்டுக்கு முதலில் போய்ச் சொல்வது என்று நானும் அவனும் போன வாரம் கைப்பேசியில் ஒரு வரிசை போட்டோம். எங்கள் குடும்பத்தில் மூத்தவரிலிருந்து ஆரம்பிக்க முடியாது. முறைத்துக்கொள்கிறவரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதனால் முதலில் சின்னத்தை, அடுத்து பெரியப்பா. மூன்றாவது யார் என்பதில் எங்களுக்குச் சண்டை. நான் சித்தி என்றேன். அவன் தாய்மாமா என்றான். சித்தி மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள், தாய்மாமா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார் என்பது அவன் வாதம். நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவனும் விடவில்லை, போனை வைத்துவிட்டான்.

நேற்று, அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "சின்னத்தை பேசவில்லை." சமாதானம் வரவில்லை. "பெரியப்பா பேசவில்லை." சமாதானம் வரவில்லை. இயந்திர அறையில் சின்னத்தை இடது மூலையில் இருக்கிறது, பெரியப்பா வலது கோடியில் மேல்தட்டில். ஒரு மின்கோளாறு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு எப்படித் தாவும் என்று யோசித்துக்கொண்டே, சிரிப்பும் வந்தது, கல்யாண வரிசையே வருகிறதே என்று. அடுத்து சித்தி வருமோ என்று விளையாட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது சித்தி அல்ல. "தாய்மாமா பேசவில்லை" என்று வந்தது. அதற்குப் பிறகு சித்தி.

எந்த மின்கோளாறுக்கும் எங்கள் வீட்டில் யார் முறைத்துக்கொள்வார் என்று தெரியாது. தெரிந்தாலும் என் வரிசைப்படி போகும், இல்லை வேறெப்படியோ போகும். சித்திக்கு முன்னால் தாய்மாமாவை வைக்கிற பிடிவாதம் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் உண்டு. அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை. பிறகு என் வீட்டுக்காரர்தான் அணைத்தாராம், கடுகு கரியாகிவிட்டதாம்.

உடனே தம்பியின் கைப்பேசிக்குப் போட்டேன். சலவைக்கடைப் பெண் எடுத்தாள். "அவன் எங்கம்மா?" என்றேன். "மெஷின் ரூமுக்குப் போனாரு அண்ணி, ரொம்ப நேரமாச்சு, வேலை முடிச்சு அப்படியே கெளம்பிட்டாருன்னு நெனச்சேன்" என்றாள். "போன வச்சுட்டா கெளம்புவான்? ஓடிப்போய் ஷட்டர் பூட்டியிருக்கான்னு பாரு" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அந்த அறையின் எல்லா இயந்திரங்களையும் ஒரே கட்டளையில் அணைத்தேன். திரும்ப எழுப்பும் நிரலை அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று கடைசி நிமிஷத்தில் ஞாபகம் வந்ததே, அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரைச்சல் நின்றது. நின்றதும் ஷட்டருக்கு உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் கையில் இருந்த கைப்பேசி வழியாக எனக்கும் கேட்டது. அவள் "அப்பா!" என்று அலறிய அலறல் தெருக்கோடி டீக்கடை வரை போயிருக்கிறது.

அதன்பிறகு நடந்ததைக் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். காவலாளி ஓடி வந்தார். "உள்ள யாரு?" என்றார். "அவருதான்பா" என்றாள். அவர் சாவிக்காக ஓடினார், கட்டட உரிமையாளரின் அலுவலகம் சாப்பாட்டு நேரத்துக்காகப் பூட்டியிருந்தது. திரும்ப ஓடி வந்து, சலவைக்கடையில் துணி தொங்கவிடும் இரும்புக் கம்பியைப் பிடுங்கி எடுத்து, பூட்டை உடைத்தார். பூட்டு உடைந்ததோடு நிற்கவில்லை, ஷட்டரின் அடித்தகடும் வளைந்தது, அவர் உள்ளங்கையும் கிழிந்தது. அந்தக் கைக்காயத்தை என் தம்பியோடு மல்லுக்கட்டியதில் வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். மல்லுக்கட்டும் நிலையிலா இருந்தான் அவன்? துவண்டு கிடந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், அப்படியே வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். டாக்டர், அவன் உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, ஓய்வு போதும் என்று சொல்லும்வரை அவர் உட்காரவே இல்லை என்று அங்கே நர்ஸ் சொன்னார்.

மருத்துவமனையில் விசாரிக்க வந்த காவலர், அரைமயக்கத்தில் இருந்த என் தம்பியிடம், "யாருய்யா பூட்டினது?" என்று கேட்டிருக்கிறார். அவன், "மாமாதான்" என்று சொல்லிவிட்டு மயங்கிவிட்டான். அவன் சொன்னது உண்மை. ஆனால் அது பாதி வாக்கியம். மீதி வாக்கியம், "மாமாதான் வந்து தூக்கினாரு" என்பது. அதை அவன் நான் வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னான், சொல்லிவிட்டு, "மாமா எங்கக்கா?" என்றான். "ஸ்டேஷன்ல. நீ சொன்ன அழகுக்கு" என்றேன். எழுந்து வரப் பார்த்தான். டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார். இதற்குள் கட்டட உரிமையாளர் வந்து, ஷட்டர் வளைந்ததைப் பார்த்து, புகார் எழுதிக்கொடுத்துவிட்டார். உள்ளே இருந்த ஆள் பிழைத்தானா என்று அவர் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.

காவலாளியைக் கேட்டால் அவர், "நான்தான் பூட்டினேன், நான்தான் பூட்டினேன்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். நேற்றிரவிலிருந்து அதே பல்லவி. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நடந்தத நடந்தபடி சொல்லுங்க" என்றேன். "மாமான்னு சொல்லும்மா" என்றார், அவ்வளவுதான். பூட்டியவர் குற்றவாளி என்றால், அவன் அணைக்க அணைக்க அடுப்பை மூட்டிவிட்ட மாதிரி இயந்திரங்களைப் போட்டுக்கொண்டே இருந்த என்னையும் அந்த பெஞ்சில் உட்கார வையுங்கள் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா செருப்பு விஷயம் இருக்கே" என்றார்.

அப்போதுதான் காவலர் ஒருவர் இயந்திர அறை வாசலில் நேற்று மாலை எடுத்த புகைப்படத்தைக் கொண்டுவந்து வைத்தார். வளைந்த ஷட்டர், உடைந்த பூட்டு, அதற்கு முன்னால் ஓரமாக ஒரு ஜோடி செருப்பு. தோல் வார், ஒரு காலில் வார் அறுந்து நூலால் தைத்திருந்தது. ஆய்வாளர் சொன்னார்: "வெளிய செருப்பு கெடந்தா பூட்டக் கூடாதுன்னு நீங்களே சொல்றீங்க. செருப்பு கெடக்குது. பாத்துட்டேதான் பூட்டியிருக்காரு. இது உங்க தம்பி செருப்புதானே? ஆமான்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

நான் சொன்ன பதில்: இல்லை. என் தம்பி நேற்று போட்டிருந்தது ரப்பர் அடி ஷூ. அது அவன் காலோடுதான் மருத்துவமனைக்குப் போனது. நர்ஸ் கழற்றிப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்தப் பையை இந்த மேசை மேல் வைக்கிறேன், ஆய்வாளர் பெற்றுக்கொண்டார். படத்தில் இருக்கும் செருப்பு பூட்டும்போது அங்கே இருந்தது அல்ல; பூட்டை உடைத்த பிறகு வந்தது. மனுஷன் கை கிழியப் பூட்டை உடைத்துவிட்டு, மருமகனைத் தூக்க உள்ளே பாய்கிற அந்த நொடியில்கூட, பழக்கத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆள், வாசலில் செருப்பு கிடக்கும்போது ஷட்டரை இழுப்பாரா? நேற்றிலிருந்து இந்த நிலையத்தில் எத்தனையோ பேர் அவரைக் கடந்து போயிருக்கிறீர்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவருடைய காலைப் பாருங்கள் என்றேன்.

ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். எழுத்தரும் எழுந்து நின்று பார்த்தார். எல்லோரும் பார்ப்பதைக் கண்டு காவலாளி கூச்சப்பட்டு, வெறுங்கால் இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மேலே உள்ளதை எழுத்தர் முதலிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் நுழையவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல, நடந்தது இதுதான் என்று உறுதிகூறி என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)

நிலையக் குறிப்பு: வாக்குமூலம் பதிவானபின், சம்பவ இடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு ஜோடி தோல் செருப்பு காவலாளியின் காலில் பொருத்திப் பார்க்கப்பட்டது. பொருந்தியது. தம்முடையதுதான் என்றும், நேற்று எங்கே விட்டோம் என்று ஞாபகம் வரவில்லை என்றும் கூறினார். அவர்மேல் மேல்நடவடிக்கை தேவையில்லை என முடிவு செய்யப்பட்டு, செருப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. போட்டுக்கொண்டு போகுமாறு ஆய்வாளர் கூறியும் நிலையத்துக்குள் போட மறுத்து, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெளிவாசல்வரை நடந்து, அங்கே கீழே வைத்துப் போட்டுக்கொண்டு, வாக்குமூலம் கொடுத்தவருடன் மருத்துவமனைக்குச் சென்றார்.